வாறுகாலும் எம் புக்கும்

ஐயா, வணக்கம்.

எங்கள் தெருவில் வாறுகால் (கழிவுநீர்க் கால்வாய்) கட்டினார்கள். கிராம சபையில் அதற்குக் கணக்குக் கேட்டேன். 'சுகாதாரப் பணிகள்' என்று ஒரே வரியில் ஒரு தொகையை வாசித்துவிட்டுச் செயலர் உட்கார்ந்துவிட்டார். நோட்டீஸ் போர்டிலும் அதே வரிதான். "அதான் காட்டிட்டாங்களே, இன்னும் என்ன?" என்கிறார்கள் ஊரில். அரசாங்கச் செலவில் வெளிப்படை என்பது இவ்வளவுதானா?

வாசகர் ஒருவர், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு வாசித்துக் காட்டியது கணக்கு இல்லை, கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையில் எவனும் மாட்டமாட்டான்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்கிற தொழிலாளர், விவசாயிகள் அமைப்புக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாயை, அதாவது மக்கள் முன் நடக்கும் விசாரணைக் கூட்டத்தை, கூட்டினார்கள். பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலையும் (வேலைக்கு வந்தவர்களின் பெயரும் கூலியும் உள்ள பதிவேடு) பில்லையும் கொண்டுவந்து, ஊரார் முன்னால் சத்தமாக வாசிப்பதுதான் அந்தக் கூட்டங்களின் வேலையே. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் பெயர் காதில் விழுந்தால் தெரியுமே! வேலைக்கே போகாதவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள். செத்துப்போனவர்களும் வாங்கியிருந்தார்கள். 1996இல் பியாவர் ஊரில் 40 நாள் தர்ணா இருந்ததும் இந்தத் தாள்களின் நகலுக்காகத்தான். 2005ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. (தமிழ்நாடு 1997லேயே சட்டம் போட்டது, மாநிலங்களில் முதலாவதாக. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், கொஞ்சமாக.)

உங்கள் வாறுகாலுக்கு வருவோம். எஸ்டிமேட், பில், எம் புக் எனப்படும் அளவுப் புத்தகம், மூன்றையும் கேளுங்கள். எம் புக்தான் முக்கியம். நீளம், அகலம், ஆழம் எல்லாம் மீட்டரில் எழுதியிருக்கும். பில் பாஸாவது அதை வைத்துத்தான். எங்கள் தெரு வாறுகாலை நான் டேப் பிடித்து அளந்தேன். ஏட்டின்படி அது இன்னும் மூன்று வீட்டு வாசல் தாண்டிப் போயிருக்க வேண்டும். மூன்றாவது வீட்டு அம்மா அன்றைக்கும் சோப்புத் தண்ணீரைத் தெருவில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தகவல் உரிமைச் சட்டப்படி எழுதும் மனுவில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூடச் சட்டம் இடம் தருகிறது.

என் கவலை வேறு. 2023ஆம் வருடத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அங்கே இருந்த வரி போய்விடுகிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்கு உள்ள தகவலையும் கொடுக்கலாம் என்கிற 8(2) பிரிவைக் காட்டி வாதாட இன்னும் வழி உண்டு, ஆனால் மறுக்கிறவர்கள் கை ஓங்கிவிட்டது. மஸ்டர் ரோல் என்பதே பெயர்ப்பட்டியல்தான். பெயர்களை அடித்துவிட்டு வாசித்திருந்தால் ராஜஸ்தானில் யார் எழுந்து நின்றிருப்பார்?

வாறுகாலின் நீளத்துக்கு அந்தரங்கம் கிடையாது. அதனால் எம் புக்கிலிருந்து தொடங்குங்கள். டேப் மட்டும் 30 மீட்டராக வாங்குங்கள். 5 மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.