நீல இன்ஜினா, கருப்பு இன்ஜினா?

கேள்வி: 1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் வாங்கி, 289 (கன அங்குல) வி8 இன்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறேன். அதன் மேல் வெளிறிப்போன நீல பெயின்ட் இருக்கிறது. 'ஃபோர்டு நீலம்' என்ற பெயரில் மூன்று கம்பெனி ஸ்பிரே கேன்கள் கிடைக்கின்றன; மூன்றும் மூன்று விதம். எது ஒரிஜினல் நிறம்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், எந்த நீலத்தையும் இப்போது வாங்க வேண்டாம். ஃபோர்டு தன் இன்ஜின்களுக்கெல்லாம் நீலம் அடிக்கத் தொடங்கியது 1966 மாடலிலிருந்துதான். 1965 மஸ்டாங்கின் சாதாரண 289-க்கு இன்ஜின் பிளாக்கின் (இன்ஜினின் முக்கிய இரும்பு உடல்) நிறம் கருப்பு. வால்வ் கவரும் (வால்வுகளை மூடும் மேல்மூடி) ஏர் கிளீனரும் தங்க நிறம். அப்படியென்றால் உங்களுடையதில் யாரோ பின்னாளில் நீலம் அடித்திருக்கிறார்கள், இல்லை இன்ஜினையே மாற்றியிருக்கிறார்கள்.

இன்ஜின் மாறியிருக்கிறதா என்று தெரிய, பிளாக்கில் வார்த்திருக்கும் தேதிக் குறியைத் தேடுங்கள். 5சி12 என்ற மாதிரி இருக்கும்: முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி), கடைசியில் நாள். 1966 மாடல் கார்கள் 1965 கோடையிலேயே வரத் தொடங்கிவிட்டதால், ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், மாதத்தையும் பாருங்கள்.

அடுத்து பழைய பெயின்ட். பெயின்ட் அடித்தபின் பூட்டிய பாகங்களுக்கு அடியில்தான் அது தப்பிப் பிழைத்திருக்கும்: இன்ஜின் மவுன்ட் உட்காரும் இடம், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் பின்பக்கம். அங்கே எண்ணெயைத் துடைத்துவிட்டு, நைஸ் எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, காசு அளவுக்கு மெதுவாகத் தேய்க்கவும். மரத்தின் வளையம் போல அடுக்குகள் தெரியும். இரும்பை ஒட்டிய நிறம்தான் முதல் நிறம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

கருப்பு சுலபம், பளபளப்பு மட்டும் அதிகம் வேண்டாம். தங்க நிறம்தான் படுத்தி எடுக்கும். கேனின் மூடி நிறத்தை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்; கடுகு நிறத்தில் வந்து விழுந்தது. தகரத் துண்டில் அடித்து, காய்ந்தபின் வெயிலில் பழைய நிறத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெளியே வந்ததும் வேறாகிவிடும். வால்வ் கவர் போல்ட் தலைக்கு அடியில் சூடு படாத தங்கம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கேனில் 'இன்ஜின் எனாமல்' என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்) அதை அடித்தால் கருகி உரிந்துவிடும். தேவையான கேன்களை ஒரே பேட்ச் எண் பார்த்து மொத்தமாக வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒன்று குறைகிறது என்று போனால் அதே தங்கம் கிடைக்காது.