‘டிஸ்போசிஷன்’ குணமா, ஏற்பாடா?

கேள்வி: பழைய ஆங்கில நாவல்களில் ‘டிஸ்போசிஷன்’ ஓரிடத்தில் ஒருவரின் குணத்தைச் சொல்கிறது, இன்னோரிடத்தில் படையை நிறுத்தி வைத்த விதத்தைச் சொல்கிறது. ‘டெம்பர்’ இனிமையானது என்றுகூட எழுதுகிறார்கள். அகராதி தப்பா, எனக்குப் புரியவில்லையா?

அகராதியும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. தப்பு செய்தவன் நான். 1998-இல் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீசில், ஆறு பேர் முன்னால்.

நீங்கள் அநேகமாகக் கல்லூரிப் பாடத்துக்காகப் படிக்கிறீர்கள். பக்கத்தில் செல்போன் அகராதி திறந்திருக்கும். என்னிடம் அன்று இருந்தது அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும். பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 1934-இல் ஆங்கிலத்தில் எழுதிய ஓர் உயில் வந்தது. பேரன் பேத்திகளுக்குள் பாகத் தகராறு. பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது என்பதால் எல்லாரும் படிக்கத் தமிழில் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள்.

உயிலின் தொடக்கத்தில் எழுதுகிறவர் ‘சவுண்ட் அண்ட் டிஸ்போசிங் மைண்ட்’ உடையவராக இருக்கிறார் என்று இருந்தது. ஆங்கில உயில்களில் வழக்கமாக வரும் தொடர்தான் இது. தமிழ்ப் பத்திரங்களில் ‘நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும்’ என்று எழுதுவோமே, அதற்கு நிகர். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரியின் டிஸ்போசபிள் ஊசி. ‘தெளிவான, தூக்கி எறியும் மனத்துடன்’ என்று எழுதிவிட்டேன்.

வக்கீல் உரக்கப் படித்தார். எல்லாருக்கும் மூத்த பேத்தி, எழுபது வயதிருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்து, “யாரு, எங்க தாத்தாவா? பழைய சாக்கைக்கூடத் தூக்கி எறிய மாட்டாரே!” என்றார். அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் பக்கத்தில் இளைய மகளின் ‘ஸ்வீட் டெம்பர்’ வந்தது. அதை ‘இனிய கோபம்’ ஆக்கியிருந்தேன். அந்த மகள்தான் இந்த அம்மாவின் தாயார். “எங்கம்மாவுக்குக் கோபமே வராது தம்பி” என்று மெதுவாகச் சொன்னார். வக்கீல் பாதிப் பணம்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதிகளோடு உட்கார ஆரம்பித்தேன். டிஸ்போசிஷனின் லத்தீன் வேர் ‘டிஸ்போனேரே’: தனித்தனியாக எடுத்து, அதனதன் இடத்தில் வைப்பது. படையை வைத்தால் அது அணிவகுப்பு. சொத்தை வைத்தால் உயில். கிரகம் இருக்கும் இடத்துக்கும் இதே சொல் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் சனியைப் பற்றி அப்படித்தான் எழுதுகிறார். மனத்துக்குள் எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அது குணம். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலின் முதல் வாக்கியத்திலேயே கதாநாயகிக்கு மகிழ்ச்சியான டிஸ்போசிஷன் என்று வரும். நம்மூரில் ‘அவன் அமைப்பே அப்படி’ என்று சொல்வதில்லையா? ஜாதக அமைப்பு, வீட்டு அமைப்பு, ஆளின் அமைப்பு எல்லாம் ஒரே சொல்தான்.

டெம்பரின் கதை இன்னும் சுவையானது. லத்தீனில் அது சரியான அளவில் கலப்பது. இரும்புக்கும் டெம்பர் உண்டு, மனிதனுக்கும் உண்டு. தமிழில் இதற்குச் சரியான சொல் ‘பதம்’. பாகுக்குப் பதம், அரிவாளுக்குப் பதம், பதமாகப் பேசு என்கிறோம். ஆக, டெம்பரை இழப்பது என்றால் முதலில் பதம் தப்புவதுதான். கோபத்தில்தான் பதம் அடிக்கடி தப்புகிறது என்பதால், போகப் போகக் கோபத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த உயிலில் ‘பதமான சுபாவம்’ என்று எழுதியிருந்தால் அந்த அம்மா கண் கலங்கியிருப்பார்.

இதே மாதிரி இன்னொரு சொல் ‘ஹ்யூமர்’. முதலில் அது ஈரம், உடலில் ஓடும் திரவம். ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என்று நான்கு. எது மிஞ்சுகிறதோ அதுதான் ஆளின் சுபாவம் என்று அந்தக் கால ஐரோப்பாவில் நம்பினார்கள். ‘மெலங்கலி’ என்றால் கிரேக்கத்தில் கரும் பித்தம்தான். பழைய நாவலில் ஒருவர் நல்ல ஹ்யூமரில் இருக்கிறார் என்றால் ஜோக் அடிக்கிறார் என்று எழுதிவிடாதீர்கள், மனநிலை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘காம்ப்ளெக்ஷன்’கூட இந்தத் திரவங்களின் சேர்மானமாக இருந்து, முகத்தில் அது தெரியும் நிறமாகிப்போனது. நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்றுதானே என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பித்தம் தலைக்கேறியவனை இரண்டு ஊரிலும் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன். நான் லத்தீன் படித்தவனும் இல்லை, ஆங்கிலப் பேராசிரியரும் இல்லை, அடி வாங்கியவன்.

டிஸ்போசிஷனின் உறவான ‘டிஸ்போஸ்’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்னொன்றும் எரிகிறது. எங்கள் தெருச் சாக்கடை அடைப்பைப் பற்றி மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் பதில் ‘டிஸ்போஸ்டு’, அதாவது மனுவை முடித்துவிட்டார்களாம். எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டார்களாம். எந்த இடத்தில் என்று போய்க் கேட்டேன். மேஜையில் இருந்தவர் பதில் சொல்லவில்லை, டெம்பரை மட்டும் இழந்தார். சாக்கடை அப்படியே இருக்கிறது. நாலாவது மனுவை இந்த முறை தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.