கருத்த தோலும் பீடிப்புகையும்: தோல் டாக்டரிடம் கேள்வி பதில்

பாம்பன்: வெயிலில் கருத்த தோல் எங்களுக்கு. பீடி விஷம் இதைத் தாண்டி உள்ளே போகாதாமே, டாக்டரம்மா?

போகும், அண்ணே. உள்ளே போவதைத் தடுப்பது தோலின் மேலே இருக்கும் செத்த செல்களின் அடுக்கு. நிறம் தரும் மெலனின் உருவாவது அதற்குக் கீழே, மேல்தோலின் அடிவரிசையில். வெயிலின் புற ஊதாக் கதிரை அது தாங்கும், நீங்கள் கேட்ட பீடி விஷமான நிக்கோடினை மறிக்காது. போதாக்குறைக்கு நிக்கோடின் மெலனினோடு ஒட்டிக்கொள்ளும். புகைப்பவரின் நரைமுடியை விடக் கருமுடியில் நிக்கோடின் கூடுதலாகத் தங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதற்காகக் கருத்தவர் தோல் அதிகம் உறிஞ்சும் என்று சொல்லிவிட முடியாது. தங்குவது வேறு, உள்ளே ஏறுவது வேறு.

மண்டபம்: வீட்டுக்காரர் படகில் மட்டும்தான் பீடி குடிப்பார். கைக்குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?

ஆகும், தங்கச்சி. சட்டையிலும் விரலிலும் படிந்த நிக்கோடின் வீடு வரை வரும். அந்தப் படிவு காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் தரும் நைட்ரோசமைனாக மாறுவதை 2010இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் காட்டினார்கள். ஈரம் இன்னும் மோசம். பனியில் நனைந்த புகையிலை இலையைப் பறிப்பவர்களுக்குத் தோல் வழியாகவே நிக்கோடின் ஏறி வாந்தி, தலைசுற்றல் வருகிறது. குழந்தையோ கையில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றி, அப்புறம் தூக்கட்டும்.

ஏர்வாடி: சிவந்த நிறத்துக்காரருக்கு அதிகம் ஏறுமா?

பாம்பன் அண்ணனுக்குச் சொன்னதுதான்.

கீழக்கரை: புகைத்துப் புகைத்து ஈறு கருத்துவிட்டது. கிரீம் உண்டா?

கிரீம் வேண்டாம். புகையால் ஈறில் மெலனின் கூடுகிறது. நிறுத்தினால் மெல்ல வெளுக்கும். புண், வெள்ளைத் திட்டு இருந்தால் உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாம்பன் (மறுபடி): கடலில் முங்கி எழுந்தால் எல்லாம் போய்விடும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

அண்ணே, உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது.

வாலிநோக்கம்: அவர் சொல்வது சரிதான். உப்பளத்தில் நிற்கும் எங்களுக்கு எந்த அழுக்கும் தங்காது.

உப்பளத்தில் நிற்பவர்கள் காலைப் பாருங்கள், பாளம் பாளமாக வெடித்திருக்கும். நான் சொன்ன அந்தத் தடுப்பு அடுக்கு உடைவது அங்கேதான். வெடிப்பு வழியே எதுவும் சுலபமாக நுழையும். நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்கள் இவை, தெரியும். கைக்கும் முகத்துக்கும் ஒரு சொம்பு ஒதுக்குங்கள். பிள்ளையைத் தூக்குமுன் அது போதும்.

தொண்டி: கருப்பாக இருந்தால் புகை ஒட்டாதா, டாக்டர்?

ஒட்டும். நிறம் பற்றி இனிக் கேட்க வேண்டாம். பீடியை விட நினைப்பவர்கள் 1800-11-2356க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.