பழைய லோட்டஸ் கார்ட்டினா காரை ஹிஸ்டாரிக் ரேஸுக்கு (பழைய கார்களுக்கான பந்தயம்) எடை குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

ஹோமோலோகேஷன் படிவத்திலிருந்து, அதாவது பந்தயத்துக்கு அந்த மாடலில் எந்தப் பாகங்கள் அனுமதி என்று சொல்லும் ஆவணத்திலிருந்து. தொடக்ககால மார்க் 1-இல் (முதல் தலைமுறை மாடல்) பானட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு அலுமினியத்திலேயே வந்தன. அதனால் அவற்றைப் போட வழி உண்டு. படிவத்தில் இல்லாத ஃபைபர் கிளாஸ் பாகம் சோதனையில் மாட்டும்.

அடுத்தது காரின் உள்தரையில் ஒட்டிய தார் ஷீட். உலர்பனியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) துண்டுகளாகப் பரப்பி, ஷீட் நன்றாக விறைத்ததும் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள், சில்லுசில்லாகப் பெயரும். ஹீட் கன்னால் இளக்கினால் பிசுபிசுத்து எங்கும் ஒட்டும். கதவுகளைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்: கார்பன் டை ஆக்சைடு தரைமட்டத்தில் தேங்கி மூச்சடைக்கும். தடித்த கையுறை கட்டாயம். வெறும் தகடு தெரிந்த இடங்களில் உடனே பிரைமர் அடியுங்கள்.

கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ (sill) பகுதியிலும் சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களிலும் எடை குறைக்கத் துளை போடவே வேண்டாம். தனிச் சட்டகம் இல்லாத பாடி இது; அங்கே வலு குறைந்தால் முறுக்கம் கூடி, வெல்டிங் ஓரம் விரிசல் விடும்.

கடைசியில் ஓட்டுநரை உட்காரவைத்து நான்கு சக்கரங்களிலும் தனித்தனியே விழும் எடையைப் பாருங்கள். பேட்டரியின் இடத்தை மாற்றப் படிவம் அனுமதித்தால், அதை முடிவுசெய்ய இந்த அளவு உதவும்.