பாலே பள்ளித் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: சேலத்துப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூருவில் 16 ஆண்டுகள் பாலே கற்பித்துவிட்டு இப்போது ஏற்காட்டில் குடியிருக்கிறேன். வாரம் இருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சேலத்தில் வகுப்பெடுக்கிறேன். பிள்ளைகளைத் தொழில்முறை பாலே பள்ளிகளின் சேர்க்கைத் தேர்வுக்கு அனுப்புவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு 10 வயது. மூன்று ஆண்டுகளாகப் பாலே கற்கிறாள். லண்டன் பள்ளியின் தேர்வுக்குப் போக வேண்டும் என்கிறாள். இது வெறும் ஆசையா, உண்மையான விருப்பமா என்று எப்படி அறிவது?

ஆண்டு விழா முடிந்த மறுவாரம் அவள் வகுப்புக்கு எப்படி வருகிறாள் என்பதைக் கவனியுங்கள் அம்மா. மேடையும் ஒப்பனையும் கைதட்டலும் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. தொழில்முறைப் பயிற்சி என்பது பெரும்பாலும் மேடையைக் காணாத வாழ்க்கை. லண்டனில் உள்ள ராயல் பாலே பள்ளியின் கீழ்ப்பிரிவு ரிச்மண்ட் பூங்காவுக்குள் உள்ள ஒயிட் லாட்ஜ் மாளிகையில் இயங்குகிறது. அங்கே 11 வயதில் சேரும் பிள்ளைகள் 16 வயது வரை, பள்ளிப் பாடங்களோடு சேர்த்து, கைப்பிடிக் கம்பியருகே நின்று முழங்காலை மடக்கி நிமிரும் ‘ப்ளியே’யில் தொடங்கி, பாதத்தைத் தரையோடு உரசி நீட்டும் ‘தாந்தூ’வுக்குச் சென்று, ஏறத்தாழ ஒரே வரிசையிலேயே அன்றாடம் பயிற்சி செய்கிறார்கள். நானூறாவது ப்ளியேயிலும் திருத்திக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்று மகிழ்கிற பிள்ளைக்குத்தான் அந்த வாழ்க்கை பொருந்தும்.

ஆகவே, “நீ பெரிய நடனக் கலைஞர் ஆக வேண்டுமா?” என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாப் பிள்ளைகளும் ஆமாம் என்றே சொல்வார்கள். “இந்த ஆண்டு மேடையே ஏறாமல் வகுப்புக்கு மட்டும் போகச் சொன்னால் போவாயா?” என்று கேட்டுவிட்டு, வரும் பதிலை விட, பதிலுக்கு முன் அவள் எவ்வளவு நேரம் யோசிக்கிறாள் என்பதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேர்வைப் பற்றிச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிடாதீர்கள். பெரியம்மா முதல் எதிர்வீட்டார் வரை அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் துணிவு பத்து வயதுப் பிள்ளைக்கு வராது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: தேர்வில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

உடையில் ஓர் எண்ணைக் குத்திவிட்டு, ஒரு சாதாரண வகுப்பையே நடத்துவார்கள் ஐயா: முதலில் கம்பியருகே, பிறகு அறையின் நடுவே, பிறகு தாவல்கள். தொலைவில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் முதலில் காணொளி கேட்பார்கள். இடுப்பு மூட்டு வெளிப்புறமாக எவ்வளவு திரும்புகிறது, பாதத்தின் வளைவு, உடலின் அளவுப் பொருத்தம், இசையைக் கேட்டு ஆடும் தன்மை ஆகியவற்றைக் கவனிப்பார்கள். ஆசிரியர் ஒரு திருத்தம் சொன்னதும் அடுத்த முறையே அதைச் செய்ய முயல்கிறாளா என்பதுதான், என் அனுபவத்தில், மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது.

உங்கள் தொழிலில் வெள்ளியை உரைத்துப் பார்த்தால் இருக்கிற தரம் தெரிந்துவிடும். இங்கே தேர்வாளர்கள் உரைத்துப் பார்ப்பது இன்னும் வளர்ந்து முடியாத ஓர் உடலை. ஐந்தாண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். அதனால்தான் பல பள்ளிகளில், சேர்த்துக்கொண்ட பிள்ளைகளையும் இடையில் மறுமதிப்பீடு செய்து விலக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன் இதைப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அம்மாப்பேட்டை, பரதநாட்டிய ஆசிரியை: என் மாணவிக்கு 13 வயது, ஏழாண்டுகள் பரதம் கற்றவள். இப்போது பாலேவுக்கு மாற விரும்புகிறாள். கற்றது உதவுமா, இடைஞ்சலாகுமா?

இரண்டும்தான். அரைமண்டியில் உட்கார்ந்து பழகியவளுக்கு இடுப்பிலிருந்து தொடையை வெளித்திருப்புவது புதிதல்ல. தாளமும் முகபாவமும் பெரிய சொத்து. ஆனால் தட்டடவில் பாதம் தரையை அறைகிறது, உடலின் எடை தரையை நோக்கி அமர்கிறது; பாலேவில் எடை மேல்நோக்கி எழ வேண்டும், தாவி இறங்கும்போது விரல்நுனி, முன்பாதம், குதிகால் என்று ஓசையின்றி உருண்டு இறங்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு உடல் ஒத்துவர ஓரிரு ஆண்டுகள் ஆகும். பெண்களுக்கு ஐரோப்பியப் பள்ளிகள் 10, 11 வயதிலேயே சேர்க்கையைத் தொடங்கிவிடுவதால், 13 என்பது தாமதம்தான்.

ருக்மிணி தேவி அருண்டேல் எதிர்த்திசையில் வந்தவர் என்பதை மாணவிக்குச் சொல்லுங்கள். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பாலே கற்ற அவர், நம் மண்ணின் நடனத்தைத் தேடும்படி பாவ்லோவாவே தூண்டியதால், பரதத்தின் பழைய வடிவமான சதிர் பக்கம் திரும்பினார்; 1936இல் அவரது நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. பாலேயில் தாமதமாகிவிட்ட வயது, பரதத்தில் தாமதமில்லை. அவளை மாற வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கதவுகளும் திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆத்தூரிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு 14 வயது. ஓராண்டாகத்தான் கற்கிறான். உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்கள் ஒருமுறை வகுப்புக்கு வந்து, ஆண் நடனக் கலைஞர் தன் இணையரைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவதைப் பார்க்கட்டும். ஆண் பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கினாலும் பள்ளிகள் ஓரளவு இடம் தருகின்றன. நவி மும்பையைச் சேர்ந்த வெல்டிங் தொழிலாளியின் மகனான அமீருதீன் ஷா, பதின்ம வயதில்தான் பாலே தொடங்கினார். 2017இல் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்தார். அவர் விதிவிலக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சூரமங்கலத்திலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 9 வயது. தேர்வுக்கு உதவும் என்று இணையத்தில் பாயிண்ட் ஷூ வாங்கிவிட்டோம். வீட்டு கிரானைட் தரையில் தினமும் நுனிக்காலில் பயிற்சி செய்கிறாள்.

இன்றே நிறுத்திவிடுங்கள். பாத எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாத வயது இது. பொதுவாக 12 வயதுக்கு முன்பு, விரல்நுனியில் நிற்பதற்கான இந்தக் கெட்டி முனைக் காலணியான பாயிண்ட் ஷூ கூடாது; அந்த வயதிலும் சில ஆண்டுகள் முறையான பயிற்சியும், கணுக்காலிலும் இடுப்பிலும் வயிற்றுத் தசையிலும் போதிய வலிமையும் இருக்கின்றனவா என்று ஆசிரியர் பார்த்த பிறகே அணிய வேண்டும். இந்த வயதுப் பிள்ளை நுனிக்காலில் நிற்பதைப் பார்த்து எந்த நல்ல தேர்வாளரும் மகிழ மாட்டார். யார் இப்படிப் பழக்கினார்கள் என்றே கேட்பார்.

தரையும் முக்கியம். பாலே பள்ளிகளில் மரப்பலகைக்கு அடியில் இடைவெளி விட்டு, அதிர்ச்சியைத் தாங்கும் தரை அமைக்கிறார்கள். கிரானைட்டிலும் மொசைக்கிலும் தாவினால் அதிர்ச்சி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புக்கே போகிறது. வீட்டில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ப்ளியேயும் தாந்தூவும் செய்யட்டும். தாவல் வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி, 14 வயது: விடுமுறை வகுப்பில் ஓர் ஆசிரியர், தேர்வுக்கு முன் மெலிய வேண்டும் என்றார். இரவு உணவை விட்டுவிட்டேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

கண்ணு, இந்தப் பதிலை முதலில் உன் விடுதிக் காப்பாளரிடம் காட்டு. இன்றிரவே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல். செலவழிக்கும் ஆற்றலை விடக் குறைவாக உண்ணும்போது, உயிர் வாழத் தேவையான வேலைகளுக்கு மட்டும் ஆற்றலை வைத்துக்கொண்டு உடல் மற்றவற்றை நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்பது அதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். வலுவிழந்த எலும்பில் தினமும் தாவினால் மயிரிழை முறிவு வரலாம். வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை தாவல் பயிற்சியை விட்டுவிடு. இரவு உணவை விடாதே. இந்த ஆண்டுத் தேர்வு தள்ளிப்போனால் போகட்டும். வளரும் பிள்ளையிடம் அப்படிச் சொன்ன ஆசிரியர் செய்தது தவறு. உன்மேல் எந்தத் தவறும் இல்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாத்தா: இதற்கான செலவும் படிப்பும் என்ன ஆகும்?

செலவு அதிகம்தான் ஐயா, மறைக்க ஒன்றுமில்லை. இங்கிலாந்து அரசின் இசை, நடன உதவித்திட்டம் அங்கு வசிக்கும் குடும்பங்களுக்கானது. நம் பிள்ளைகள் முழுக் கட்டணத்தையோ பள்ளி தரும் உதவித்தொகையையோ நம்ப வேண்டும். 1973இல் தொடங்கிய, சுவிட்சர்லாந்தில் நடக்கும் லோசான் பாலே போட்டியில் 15 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்; வென்றவர்களுக்குப் போட்டியோடு இணைந்த பள்ளிகளில் ஓராண்டு பயில உதவித்தொகை கிடைக்கிறது. படிப்பை விட வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். லண்டனை நினைக்கும் முன், 200 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவில் ஒரு கோடைக்காலப் பயிற்சிக்கு அனுப்பி, வீட்டை விட்டு மூன்று வாரம் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கே அழுது திரும்பிய பிள்ளைகளும், திரும்ப மறுத்த பிள்ளைகளும் என் மாணவர்களில் உண்டு.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்: அவளைத் தேர்வு செய்யவில்லை என்று மின்னஞ்சல் வந்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இன்றே சொல்லுங்கள். ஆறு நாளாக உங்கள் முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்குப் பாதி தெரிந்திருக்கும். மின்னஞ்சலை நீங்கள் படித்துக் காட்டாமல் அவளிடமே கொடுத்துவிடுங்கள். அது அவளுக்கு வந்தது. “அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்று உடனே ஆறுதல் சொல்லாதீர்கள்; அடுத்த ஆண்டு வேண்டுமா என்பதே அவள் இனிமேல் யோசிக்க வேண்டியது. அழுதால் அழட்டும். வியாழக்கிழமை வகுப்பு வழக்கம்போல் நாலரை மணிக்கு. வருவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.