பல் அடைப்பு: வெள்ளியா, வெள்ளையா, சிமென்ட்டா?

25 வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல்லில் வெள்ளி வைத்து அடைத்தேன். அதில் பாதரசம் இருக்கிறது, எடுத்துவிடு என்கிறாள் மகள். எடுக்கட்டுமா?

எடுக்காதீர்கள். மகள் சொல்வது பொய்யில்லை. அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஆனால் இறுகிய பிறகு அதிலிருந்து வெளிவருவது மிகச் சொற்பம். குடைந்து எடுக்கும் நேரத்தில்தான் ஆவி அதிகம் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இதை நிறுத்திவிட்டது உண்மைதான். அது புதிதாக வைப்பதற்கான தடை, வாயில் இருப்பதைப் பிடுங்கச் சொல்லும் உத்தரவு இல்லை. பாதரசம் மண்ணிலும் தண்ணீரிலும் சேர்கிறதே என்ற கவலைதான் அதன் பின்னால் இருக்கிறது. ஓரத்தில் வெடிப்போ அடியில் சொத்தையோ தெரிந்தால் மாற்றலாம். கறுப்பாக இருக்கிறது என்பதற்காக மாற்ற வேண்டாம்.

இரண்டு வருடத்தில் இரண்டு முறை வெள்ளை அடைப்பு பெயர்ந்துவிட்டது. மருந்து மட்டமா?

மருந்தை விடுங்கள், முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். வெள்ளை அடைப்பு, அதாவது கம்போசிட், பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்பது. ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டால் போச்சு. இன்னொரு தொல்லையும் உண்டு. நீல விளக்கைக் காட்டி இறுக வைக்கும்போது அது கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். சுருங்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் 2 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கு காட்டுகிறோம். அவசரத்தில் ஒரே அப்பாக அப்பினால் அடியில் சரியாக வேகாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஒன்றை வைத்தேன். இரண்டு பல்லுக்கு நடுவே, ஈறுக்குக் கீழே இறங்கிய குழி. ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சை மாற்றி மாற்றி அழுத்திவிட்டு, போதும் என்று ஒட்டிவிட்டேன். பார்த்தால் அடைப்பு எது, பல் எது என்று தெரியாது, அவ்வளவு அழகு. ஒன்றரை வருடம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தபோது, கருவியின் முனை அடைப்பின் ஓரத்தில் வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல இறங்கியது.

அடுத்த முறை "ரப்பர் டேம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கிற மெல்லிய ரப்பர் விரிப்பு அது. போடவே முடியாத இடமென்றால் கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்பே நல்லது. அவ்வளவு அழகாகவும் இருக்காது, அவ்வளவு உறுதியும் கிடையாது, ஆனால் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடும் கசியும்.

வேர் சிகிச்சை முடிந்து வலி போய்விட்டது. பல்லுக்கு மேல் மாட்டும் உறை, அதாவது கேப், அவசியமா, காசு பிடுங்குகிறார்களா?

கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் அவசியம். வேருக்குள் நாங்கள் வைப்பது கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த குச்சி. மரப்பால் என்பதும் பெயருக்குத்தான்: அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கட்டாபெர்ச்சா, பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. அது இடத்தை நிரப்பும், தானாக ஒட்டாது. கூட வைக்கும் பசைதான் இடுக்கை மூடுகிறது. மேலே திறந்து கிடந்தால் எச்சில் நாளடைவில் உள்ளே இறங்கிவிடும்.

1995-ல் ரே, ட்ரோப் என்ற இருவர் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, வேர் நுனியில் புண் இல்லாமல் இருப்பதற்கு வேரடைப்பைவிட மேலடைப்பு நன்றாக இருப்பதே கூடுதலாக உதவுகிறது என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டுமே வேண்டும் என்கின்றன. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தவிர, உள்ளே குடைந்த பல் வலு குறைந்தது. கேப் இல்லாமல் கடலை மிட்டாய் கடித்து நெடுக்காகப் பிளந்த பல்லைக் கையில் கொண்டுவருபவர்கள் உண்டு. அதை ஒட்ட வழியில்லை. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் திரியாதீர்கள்.

முன்பல், மேலே குழி சின்னது என்றால் கேப் இல்லாமலேயே ஓட்டலாம்.

கடைவாய்ப் பல்லின் வேரில் ஓட்டை விழுந்துவிட்டதாம், அதை மூட எம்.டி.ஏ. என்ற மருந்தை வைத்தார்கள். அது வீடு கட்டும் சிமென்ட் என்கிறாரே நண்பர்?

உறவுக்காரச் சிமென்ட்தான்! 1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டாவில் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் உருவாக்கியது. அடிப்படை போர்ட்லேண்ட் சிமென்ட். சுத்தப்படுத்தி, எக்ஸ்ரேயில் தெரிய பிஸ்மத் ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். ரத்தமும் ஈரமும் உள்ள இடத்தில் மற்றவை தோற்கும். இது இறுகுவதற்கே ஈரம் வேண்டும். முழுக்க இறுக மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். முன்பல்லில் வைத்தால் பல் கறுக்கலாம், அங்கே பிஸ்மத் இல்லாத புது ரகங்களைக் கேட்கலாம். உங்களுக்குக் கடைவாய்ப் பல்தானே, கவலை வேண்டாம்.

அடைத்த அன்றே சாப்பிடலாமா?

வெள்ளை அடைப்பு என்றால் நாற்காலியை விட்டு எழும்போதே கடிக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். வெள்ளி அடைப்பு என்றால் ஒரு நாள் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். ஆனால் ஊசி போட்டிருந்தால் மரப்பு போகிறவரை பொறுங்கள், குழந்தைகளை அதுவரை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உதடு வேறு, முறுக்கு வேறு என்று அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியாது.