பள்ளியில் வாராவாரம் வைரஸ் பரிசோதனை: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. சளியும் காய்ச்சலும் பரவுவதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒருமுறை கோவிட் பரிசோதனை செய்யலாமா என்று பள்ளி ஒப்புதல் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. டெஸ்ட் செய்யாவிட்டால் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் பாதிப் பேர். செய்தால் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் மீதிப் பேர். வீட்டிலும் அதே கதைதான். கணவர் போடு என்கிறார், எனக்குத் தயக்கம். மாமியாருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை ஆகி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அவரை நினைத்தால் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மகளோ குச்சியைப் பார்த்தாலே அழுகிறாள். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: முதலில் அந்தப் படிவத்தை எடுத்து, பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன என்று எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும், பக்கத்து இருக்கைப் பிள்ளைகளை என்ன செய்வார்கள், விட்டுப்போன பாடத்துக்கும் தேர்வுக்கும் என்ன வழி, ரிசல்ட் யார் யாருக்குப் போகும், இந்தப் பரிசோதனையை எப்போது நிறுத்துவார்கள்? இதெல்லாம் எழுதியிருந்தால் அதை வைத்து விவாதிக்கலாம். எழுதவில்லை என்றால் குழுவில் இரண்டு தரப்பும் காற்றோடு சண்டை போடுகிறீர்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. நோய் அறிகுறி இல்லாதவர்களைக் கூட்டமாகப் பரிசோதிப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வில்சன், யுங்னர் என்ற இருவர் 1968-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிக் கொடுத்தார்கள். யாரை நோயாளியாகக் கருதிக் கவனிக்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

இனி அந்த டெஸ்ட் எந்த அளவுக்கு நம்பகமானது என்று பார்ப்போம். பள்ளிகளில் பெரும்பாலும் பயன்படுவது ஆன்டிஜென் கிட். வைரஸின் புரதத்தைத் தேடி, கால் மணி நேரத்தில் கோடு காட்டிவிடும். மூக்கில் வைரஸ் நிறைய இருந்தால்தான் அந்தக் கோடு விழும். ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் அப்படியல்ல, துளி இருந்தாலும் பிடித்துவிடும். நோய் குணமாகிச் சில வாரம் கழித்துக்கூட மிச்சமிருக்கும் துணுக்குகளைக் கண்டு பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். இன்றைக்கு இந்தப் பிள்ளை பிறருக்குப் பரப்புமா என்பதுதான் பள்ளியின் கவலை என்றால் ஆன்டிஜென் மோசமில்லை. ஆனால் தொற்றின் ஆரம்பத்தில் அது வைரஸைத் தவறவிட்டுவிடும். காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறிகுறி உள்ளவர்களில் சுமார் 73 சதவீதத் தொற்றுகளை இந்தக் கிட்டுகள் பிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் அது 55 சதவீதம்தான். தொற்று இல்லாதவர்களுக்குத் தவறாகக் கோடு விழுவது மிகக் குறைவு, ஆயிரத்துக்கு நான்கைந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள். தொற்று அடங்கியிருக்கும் காலத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வைரஸ் இருக்கிறது என்போம். டெஸ்ட் அந்தப் பிள்ளையைப் பிடிக்க ஏறக்குறைய பாதி வாய்ப்புதான். அதே நாளில் நல்லா இருக்கிற நாலு பிள்ளைகளுக்குத் தப்பாகப் பாசிட்டிவ் வரும். ஆக, வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் சும்மாவே அனுப்பப்படுகிறவர்கள். இப்போது தொற்று தலைவிரித்தாடும் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஐம்பது பிள்ளைகளுக்கு வைரஸ். டெஸ்ட் இருபத்தேழு பேரைப் பிடிக்கும், தப்பான பாசிட்டிவ் அப்போதும் நாலுதான். அதே கிட், அதே பள்ளி. முதல் நிலைமையில் தொல்லை, இரண்டாவதில் பயன். ஆனால் இரண்டாவது நிலைமையிலும் இருபத்துமூன்று பிள்ளைகள் நெகட்டிவ் என்ற பெயரோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். டெஸ்ட் செய்தால் பள்ளி முழுப் பாதுகாப்பு என்று வாதாடுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திங்கட்கிழமை நெகட்டிவ் வந்த பிள்ளைக்குப் புதன்கிழமை பாசிட்டிவ் வரலாம்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 2021 மார்ச் 8-ஆம் தேதி பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வாரம் இரண்டு முறை பரிசோதித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அதில் சேர்க்கவில்லை. ஜெர்மனியின் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அதே ஆண்டு மே மாதம் தொடக்கப் பள்ளிகளுக்கு மூக்குக்குப் பதிலாக வேறு முறை கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பஞ்சுக்குச்சியை அரை நிமிடம் மிட்டாய் மாதிரிச் சப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு வகுப்பின் குச்சிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பிசிஆர். நெகட்டிவ் என்றால் மொத்த வகுப்பும் நெகட்டிவ். பாசிட்டிவ் வந்தால் மட்டும் ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். இப்படி மாதிரிகளைக் கலந்து பார்க்கும் யோசனை 1943-ல் ராபர்ட் டார்ஃப்மேன் என்ற பொருளாதார அறிஞர் சொன்னது, அமெரிக்க ராணுவத்தில் சேர வந்தவர்களுக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

எனக்கு மிகவும் உபயோகமாகப் படுவது இன்னொரு முறை. பாசிட்டிவ் வந்த மாணவரோடு பழகிய பிள்ளைகளைப் பத்து நாள் வீட்டில் பூட்டி வைக்காமல், தினமும் பரிசோதித்து, நெகட்டிவ் என்றால் வகுப்பில் இருக்க விடுவது. இங்கிலாந்தில் 201 பள்ளிகளில் இதை முறையாகச் சோதித்து, 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தனிமைப்படுத்திய பள்ளிகளோடு ஒப்பிட்டால், இந்தப் பள்ளிகளில் தொற்று குறிப்பிடும்படி கூடவில்லை. டெஸ்ட் என்றாலே பிள்ளையை வெளியே அனுப்பும் கருவி என்று நினைக்கிறோம். இங்கே அது பிள்ளையை வகுப்பிலேயே வைத்திருக்க உதவியது.

(ஆரஞ்சுச் சாற்றை விட்டால் கிட்டில் கோடு விழும், பள்ளிக்கு லீவு கிடைக்கும் என்று அந்த நாட்டு மாணவர்கள் கண்டுபிடித்ததும் அதே ஆண்டுதான். புளிப்பு, கிட்டின் பட்டையில் இருக்கும் புரதத்தைக் கெடுத்துவிடுவதால் வரும் பொய்க் கோடு அது. ஒன்பதாம் வகுப்பு மகனிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம்.)

எதிர்ப்பவர்களின் பயங்களுக்கு வருகிறேன். குச்சி மூளை வரை போகும் என்பது சரியல்ல. பள்ளிகளில் செய்வது மூக்கின் முன்பக்கம், இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும். குச்சியில் எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது, புற்றுநோய் வரும் என்ற செய்தியும் சுற்றியது. அது கிருமி நீக்கப் பயன்படும் வாயு, பல மருத்துவச் சாதனங்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்துவது, அதன் எச்சம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. பிள்ளையின் மரபணுவைச் சேகரிக்கிறார்கள் என்கிறார்களா? ஆன்டிஜென் கிட் கோடு பார்த்ததும் குப்பைக்குப் போகிற பொருள். மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது என்றால் மட்டும், பிறகு அதை அழித்துவிடுவார்களா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

அவர்கள் சொல்வதில் நான் நிஜமாகவே கவலைப்படுவது வேறொன்று. வகுப்பு நடுவில் 'நீ எழுந்து வெளியே வா' என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது. அது தவறான பாசிட்டிவாக இருந்தாலும் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். கையெழுத்துப் போடாத வீட்டுப் பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பதும் அதே ரகம்தான்.

சரி, உங்கள் விஷயத்தில் என் கருத்து இதுதான். இப்போது தொற்று வேகமாகப் பரவுகிறது, சில வாரங்களுக்கு மட்டும் பரிசோதிக்கிறோம், பாசிட்டிவ் வந்தால் இன்னொரு டெஸ்ட் செய்து உறுதிப்படுத்துவோம், பெயரை வெளியில் சொல்ல மாட்டோம் என்று பள்ளி எழுதிக் கொடுத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் கையெழுத்துப் போடுங்கள். வருடம் முழுக்க, நல்லா இருக்கிற பிள்ளைகளுக்கு வாராவாரம் என்றால் நான் போட மாட்டேன். அறிகுறி உள்ளவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் மட்டும் செய்யுங்கள் என்று கேட்பேன். பள்ளியைப் பரிசோதனையோடு விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் மருந்தைக் கொடுத்துக் காலையில் பள்ளிக்கு அனுப்பிவிடும் வழக்கம்தான் பாதித் தொற்றுக்குக் காரணம் என்பது என் எண்ணம். ஒருநாள்கூட லீவு போடாத மாணவருக்குப் பரிசு என்ற ஏற்பாடு இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பறை ஜன்னல்கள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். ஃப்ளூ, பிள்ளைகளுக்குச் சளி, இருமல் தரும் ஆர்எஸ்வி போன்ற மற்ற வைரஸ்களைக் கோவிட் கிட் கண்டுகொள்ளாது. திறந்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் உதவும்.

மாமியாரைப் பொறுத்தவரை, பள்ளியில் வாரத்தில் ஒருநாள் செய்யும் டெஸ்ட்டை நம்பி இருக்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சளியோ தொண்டை வலியோ வந்த அன்றே வீட்டில் பாருங்கள். நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ரிசல்ட் எதுவானாலும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் பாட்டி அறைக்குப் போக வேண்டாம். போயே ஆக வேண்டும் என்றால் மாஸ்க். மாமியாருக்குப் போட வேண்டிய தடுப்பூசிகள் பாக்கி இருக்கின்றனவா என்று அவரது சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். அவருக்கே தொற்று வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். கோவிட் வைரஸுக்கு எதிரான மாத்திரைகளை அறிகுறி தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அதில் ஒன்றான நிர்மாட்ரெல்விர்-ரிடோனாவிர், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அதேபோல, தொற்று வந்துவிட்டது என்று அவரது வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்புறம் மகள். குச்சி போவதே தெரியாது என்று பொய் சொல்லாதீர்கள், ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை மூக்கைக் காட்டவே மாட்டாள். கூசும், கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வரும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். முதலில் உங்கள் மூக்கில் நீங்களே செய்து காட்டுங்கள். மூக்கைச் சிந்தச் சொல்லிவிட்டுக் குச்சியை அவள் கையிலேயே கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை, பக்கத்தில் ஒருவர் இருந்தால் தானே செய்துகொள்ளும்: உள்ளே கொஞ்சமாக விட்டு, பக்கச் சுவரைத் தொட்டபடி நாலைந்து சுற்று, பிறகு அடுத்த துவாரம். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு செய்யவே வேண்டாம். அன்றைக்கு முடியாவிட்டால் விட்டுவிடலாம். எச்சிலில் பார்க்கும் முறை இருக்கிறதா என்று பள்ளியிடம் கேட்டுப் பாருங்கள். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிற பிள்ளை என்றால் அதையும் அந்தப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.